லோரீனின் பிரஸ்ஸுக்கு ஒரு மோட்டார்

காப்பெல் என்ற அமெரிக்க ஊரில் வீடு வாங்கிக் குடிபோன அன்று வெள்ளியங்கிரி, தாமரைச்செல்வி தம்பதியின் கதவை முதலில் தட்டியவர் எதிர்வீட்டு லோரீன். கையில் ஒரு பெரிய ஸ்பேனரோடு நின்றார். உங்கள் வீட்டுத் தண்ணீர் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று விற்றுவிட்டுப் போனவர்களுக்கே தெரியாது, வாருங்கள் காட்டுகிறேன் என்று சொல்லி, முன்புறப் புல்லுக்குள் மறைந்து கிடந்த ஒரு மூடியைத் தேடியெடுத்துத் திறந்து காட்டிவிட்டுப் போனார். ரிட்டயர் ஆகும்வரை அந்தத் தெருக்களில் தபால் போட்டவர். எந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். கணவர் போன பிறகு தனியாக இருந்தார்.

தாமரைக்கு அவரை அன்றைக்கே பிடித்துப்போயிற்று. கிரிக்குப் பிடித்தது அவருடைய கராஜ். நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து ஒரு பேங்கின் டேட்டாபேஸை மேய்க்கிறவன் அவன். கண்ணால் பார்க்கமுடியாத ஒன்றை இங்கிருந்து அங்கே நகர்த்தியே பிழைப்பு நடத்துகிறவனுக்கு, கையில் எடுத்தால் கனமாக இருக்கிற எதைப் பார்த்தாலும் ஆசை. லோரீனின் கராஜில் அப்படிப்பட்டவை நிறைய இருந்தன.

லோரீனுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பழைய காலத்து மாதிரியில் செய்த ஒரு நீளத் துப்பாக்கி வைத்திருந்தார். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடமுடியும். அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ரேஞ்ச் என்கிற துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போய், வெகுதூரத்தில் நிறுத்தியிருக்கும் கிடாக்களைச் சுட்டுச் சாய்ப்பார். தாமரை முதலில் இதைக் கேட்டபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அவை வெறும் இரும்புத் தகடுகள், கிடா மாதிரி வெட்டியது, சாய்ந்தால் மறுபடி நிமிர்த்தி வைத்துவிடலாம் என்று லோரீன் அவசரமாக விளக்கினார்.

அந்தத் துப்பாக்கிக்குக் கடையில் வாங்கும் குண்டு சரிப்படாது என்பது அவர் கட்சி. ஈயத்தை உருக்கி அவரே வார்ப்பார். வார்த்த குண்டு ஒன்றுபோல் இருக்காது. அதனால் மேஜையில் பொருத்திய ஒரு சின்ன பிரஸ்ஸில் ஒவ்வொன்றாக நிறுத்தி, லீவரைக் கீழே இழுத்து, ஒரு எஃகு வளையத்துக்குள் அமுக்குவார். வளையம் குண்டைச் சரியான பருமனுக்குக் கொண்டுவரும். அதே நேரத்தில் குண்டைச் சுற்றியிருக்கும் வரிப்பள்ளங்களில் பக்கத்து டப்பாவிலிருந்து கிரீஸ் ஏறும். லீவரைத் தூக்கினால் குண்டு மேலே வரும். எடுத்துவிட்டு அடுத்தது. ஒரு போட்டிக்குத் தயாராவதற்குள் லீவர் எத்தனையோ நூறு தடவை மேலும் கீழும் போய்வர வேண்டும்.

அந்த வருஷம் வசந்தத்தில் லோரீனுக்கு வலது தோளில் ஆபரேஷன் நடந்தது. காலமெல்லாம் தபால் பை தொங்கிய தோள். டாக்டர் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் கட்டிவிட்டு, லீவர் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அக்டோபரில் போட்டி. இடது தோளில் வைத்துச் சுடப் பழகிக்கொள்வேன், ஆனால் குண்டுக்கு எங்கே போவேன் என்று லோரீன் வேலியோரம் நின்று புலம்பியதைக் கேட்டு, கிரி தானாகவே நான் இழுத்துத் தருகிறேன் என்றான். சில சனிக்கிழமைகள் சந்தோஷமாக இழுத்தான். அப்புறம் அவன் முழங்கை வீங்கிக்கொண்டது. காப்பி டம்ளரைத் தூக்கினாலே முகம் சுளித்தான். பேசாமல் ஒரு மோட்டார் போட்டுவிடலாமே என்ற எண்ணம் அப்போதுதான் அவனுக்கு வந்தது.

இதில் தாமரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பிஸ்கட்டும் சிப்ஸும் செய்கிற தொழிற்சாலைகளில் யந்திரங்களுக்குள் யாருடைய கையும் மாட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் உத்தியோகம். யாரையாவது புதிதாகச் சந்தித்தால் முகத்துக்கு முன்னால் கைகளைத்தான் பார்ப்பாள். கோபிச்செட்டிபாளையத்தில் பெண் பார்க்க வந்த கிரியையும் அப்படித்தான் பார்த்தாள். இவ்வளவு நீளமான விரல்கள் இந்த உயரத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்று நினைத்தது அவளுக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. அவள் கான்சாஸில் ஒரு பிளான்ட்டுக்கு வேலையாகப் போயிருந்த வாரத்தில்தான் கிரி லீவு போட்டுவிட்டு லோரீனின் கராஜுக்குள் புகுந்தான்.

பழைய வண்டிகள் உடைக்கிற யார்டிலிருந்து ஒரு பெரிய பிக்கப்பின் வைப்பர் மோட்டாரைக் கொண்டுவந்தான். அது வீட்டு மின்சாரத்தில் ஓட ஒரு அடாப்டர் வைத்து, ஒரு இரும்புக் கரத்தால் பிரஸ்ஸின் லீவரோடு இணைத்தான். கீழே ஒரு கால் பெடல். பெடலை மிதித்தால் மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றும், லீவர் இறங்கி ஏறும். கையால் குண்டை வைக்கவேண்டியது, காலால் மிதிக்கவேண்டியது, அவ்வளவுதான். யூடியூபில் யாரோ செய்திருந்ததைவிட தன்னுடையது அழகாக இருப்பதாக அவனுக்கே தோன்றியது. லோரீன் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இதற்கு ஒரு பெயர் வைக்கவேண்டும் என்றார்.

தாமரை ஏர்போர்ட்டிலிருந்து வந்ததும், பெட்டியை உள்ளே வைக்கக்கூட விடாமல், அவன் அவளைத் தெருவைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனான். லேப்டாப் பை தோளில் தொங்க அவள் போய் நின்றாள். கிரி இரண்டு விரலால் ஒரு குண்டை எடுத்து நிறுத்தினான், பெடலை மிதித்தான். டக். எடுத்தான், அடுத்தது. டக். பளபளவென்று கிரீஸ் பூசிய குண்டுகள் துண்டின் மேல் வரிசையாகச் சேர்ந்தன. லோரீன் இடது கையால் தொடையில் தட்டித் தாளம் போட்டார்.

அடுத்த குண்டு கொஞ்சம் சாய்ந்து நின்றது. கிரி அதை நிமிர்த்த விரலைக் கொண்டுபோனான். கால் பெடலின் மேலேயே இருந்தது. உடம்பு முன்னால் சாய்ந்தபோது காலும் சேர்ந்து அழுந்தியது. லீவர் இறங்கியது. அவன் விரலை உருவிக்கொண்டான், நகத்தில் கிரீஸ் கோடு விழுந்ததோடு போயிற்று.

"பாத்தியா என் ரிஃப்ளெக்ஸை" என்று சிரித்தான்.

தாமரை சுவரருகே போய் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினாள். லேப்டாப் பைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கூட்டை எடுத்து அந்தப் பிளக்கை அதற்குள் வைத்து மூடி, ஒரு சிவப்புப் பூட்டைப் போட்டாள். சாவியைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அவளுடைய வேலையில் அதுதான் வழக்கம். பூட்டைப் போட்டவர் வந்து எடுக்கும்வரை யாராலும் அந்த யந்திரத்தை ஓட்டமுடியாது.

"தாமரை, என்ன பண்றே? இது உங்க பிளான்ட் இல்ல."

"தெரியுதுங்க. பிளான்ட்டா இருந்தா இந்நேரம் உங்களை கேட்டுக்கு வெளிய அனுப்பியிருப்பேன்."

அவர்கள் பேசிய தமிழ் லோரீனுக்குப் புரியவில்லை. பூட்டு நன்றாகப் புரிந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, இது என் கராஜ், இங்கே எதையாவது பூட்டவேண்டும் என்றால் நான்தான் பூட்டவேண்டும் என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. தாமரை மன்னிப்புக் கேட்டாள், ஆனால் சாவியைத் தரமுடியாது என்றாள். கிரி தாமரைக்கு முன்னால் விறுவிறுவென்று தெருவைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டான்.

மறுநாள் காலை கிரி தோசை வார்த்தான். கோபத்திலும் அவளுக்கு வார்த்து ஹாட்பேக்கில் வைத்துவிட்டு மாடிக்குப் போகப் பார்த்தான். அவள் படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு வாரம் லீவு போட்டுப் பண்ணேன்" என்றான் அவன். "அவங்க முன்னாடி என் மூக்கை அறுத்துட்டே."

"மூக்குத்தானே போச்சு? விரல் இருக்குல்ல?"

அவன் சிரிக்கக்கூடாது என்று முயற்சி செய்தான். அவள் அவன் வலது கையைப் பிடித்து ஆட்காட்டி விரலை நிமிர்த்தினாள். பொங்கல் விழாவில் வருஷா வருஷம் கேரம் கப்பை வாங்கி வருகிற விரல் எது என்று கேட்டாள்.

"மோட்டார் போட்டது தப்புன்னு நான் சொல்லவே இல்லைங்க. நல்லா பண்ணியிருக்கீங்க. கை உள்ள போற மாதிரி போட்டதுதான் தப்பு. அப்புறம் அந்த மோட்டாருக்கு ஒரு பழக்கம் இருக்கு, கவனிச்சீங்களா? பெடல்ல இருந்து காலை எடுத்தாலும் அது நிக்காது. சுத்தை முடிச்சுட்டுத்தான் நிக்கும்."

கிரி யோசித்துப் பார்த்தான். வைப்பரை நிறுத்தினால் பாதிக் கண்ணாடியில் நிற்காமல் கீழே போய்த்தான் படுக்கும். அதே மோட்டார். அதே புத்தி. அவனுக்கு அது தோன்றவே இல்லை. ஆட்காட்டி விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டான்.

பத்து மணி வாக்கில் தாமரை ஃபிரிட்ஜிலிருந்து சில கேரட்டுகளை எடுத்துக்கொண்டு லோரீன் வீட்டுக்குப் போனாள். கிரி பின்னாலேயே போனான். லோரீன் வலைக்கதவைப் பாதிதான் திறந்தார். தாமரை பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கேட்காமல் பூட்டியது தவறு, இனி இது உங்கள் பூட்டு, மறுபடி குண்டு போடுவதற்கு முன் ஒரே ஒரு விஷயம் பார்த்துவிடுங்கள் என்றாள். லோரீன் சாவியைப் பார்த்தார், கேரட்டைப் பார்த்தார். அப்புறம் கராஜ் கதவைத் தூக்கினார்.

பூட்டை லோரீனே திறந்தார். தாமரை ஒரு கேரட்டை, கிரியின் விரல் போன அதே இடத்தில், அதே சாய்வில் ஒரு நீளக் குச்சியில் குத்திப் பிடித்துக்கொண்டாள். கிரியிடம் மிதிக்கச் சொன்னாள். மிதித்த உடனே காலை எடுத்துவிடவேண்டும் என்றும் சொன்னாள். அவன் மிதித்து உடனே எடுத்தான். லீவர் நிற்கவில்லை. நறுக்கென்று ஒரு சத்தம். கேரட்டின் ஒரு பாதி வளையத்துக்குள் போய் இறுகிக்கொண்டது, மறுபாதி மேஜையில் உருண்டது.

லோரீன் இன்னொரு கேரட் வேண்டும் என்றார். இந்தத் தடவை அவரே மிதித்தார். அதுவும் நறுக்கென்று போயிற்று. அவர் மேஜையில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கிரி இன்னொரு துண்டை எடுத்து வாயில் போடப் போனான். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் அவன் கையைத் தட்டிவிட்டார்கள். அந்த மேஜை முழுக்க ஈயத் தூள். அங்கே எதையும் தின்னக்கூடாது என்பது லோரீன் எப்போதோ போட்ட சட்டம். தாமரைக்குப் பழக்கத்தில் வந்தது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அதோடு லோரீனின் கோபம் தீர்ந்துவிட்டது. சரி, உன் பிளான்ட்டில் இதை எப்படிச் செய்வாய், சொல் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தாமரை ஒரு தயார் பதில் வைத்திருந்தாள். பெடலை எறிந்துவிட்டு, ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு பட்டன்கள் வைக்கவேண்டும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே போக மூன்றாவது கை கிடையாது. அவள் இதைப் பல பிளான்ட்டுகளில் செய்திருக்கிறாள். விளக்கி முடித்தபோது லோரீன் தொட்டிலில் கிடந்த தன் வலது கையை மெதுவாகத் தூக்கிக் காட்டினார்.

தாமரைக்கு வெட்கமாகப் போயிற்று. யந்திரத்தைப் பார்த்தாளே தவிர அதை ஓட்டப்போகிறவரை அவள் பார்க்கவில்லை.

யோசனை கிரிக்குத்தான் வந்தது. குண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை கை ஏன் உள்ளே போகவேண்டும்? அவன் வேலையில் ஒவ்வொரு ரெக்கார்டாக யாரும் கையால் நகர்த்துவதில்லை, மொத்தமாக அடுக்கிவைத்துவிட்டு ஓட விடுவார்கள். அதுபோல, மோட்டார் நிற்கும்போது குண்டுகளை ஒரு வரிசையாக அடுக்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் மூடிவிட்டு, அப்புறம் ஓட்டினால் ஒரு கை போதும். லோரீன் உடனே, தபால் ஆபீஸில் கடிதங்கள் யந்திரத்துக்குள் போவது ஒரு சரிவான தட்டு வழியாகத்தான் என்றார். உள்ளே போய்த் தாமரை பேப்பர் எடுத்து வந்தாள். அன்றைக்கு மதியச் சாப்பாடு மூன்று பேருக்கும் லோரீனின் சமையலறையில், கையை சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகு நடந்தது. கிரி தோசை ஹாட்பேக்கை எடுத்து வந்தான்.

அதன்பின் வந்த சனிக்கிழமைகளில் அந்தப் பெட்டி உருவாயிற்று. பிரஸ்ஸையும் மோட்டாரையும் சுற்றிக் கெட்டியான, தெளிவான பிளாஸ்டிக் தகடு. முன்னால் ஒரு கதவு. கதவு கொஞ்சம் திறந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும், பாதிச் சுற்றில் இருந்தாலும் அப்படியே நிற்கும். சரிவான ஓடையில் குண்டுகள் வரிசையாக நிற்கும். ஒரு சின்னத் தள்ளுகட்டை அடுத்த குண்டை வளையத்தின் மேல் நகர்த்தும்போது, முடிந்த குண்டைத் தட்டிப் பழைய துண்டு விரித்த தட்டில் போடும். வெளியே ஓட ஒரு பச்சைப் பட்டன், நிறுத்த உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பட்டன், இரண்டும் லோரீனின் இடது கைக்கு எட்டும் இடத்தில். லோரீன் தோட்டாவில் நிரப்பக் கராஜ் அலமாரியில் வைத்திருந்த வெடிமருந்து டப்பாக்களைத் தாமரை சொன்னபடி வீட்டுக்குள் வேறொரு அலமாரிக்கு மாற்றினார்கள். மோட்டார் ஓடும் இடத்துக்கும் மருந்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கக்கூடாது என்பதில் அவள் விட்டுக்கொடுக்கவே இல்லை.

சண்டைகள் வராமலில்லை. செப்டம்பர் வெயிலில் கராஜே அடுப்பாக இருந்தது. கிரீஸ் இளகி ஓடையெல்லாம் வழிந்து, குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. லோரீன் கிரீஸைக் குறை சொல்ல ஒப்பவில்லை. அவர் தேன்மெழுகு போட்டுச் சொந்தமாகக் காய்ச்சியது அது. கடைசியில் காலை வேளையில் மட்டும் ஓட்டுவது என்று முடிவாயிற்று.

முதல் முழு ஓட்டத்தன்று ஓடையில் ஒரு குண்டு தலைகீழாக விழுந்துவிட்டது. தள்ளுகட்டை அதை அப்படியே வளையத்தின் மேல் கொண்டுபோய் வைத்தது. லீவர் இறங்கியது, முட்டியது. மோட்டார் ஒரு முறை முனகியது. அளவுக்கு மீறி அழுத்த வேண்டிவந்தால் தானாகவே மின்சாரம் நின்றுவிடும்படி தாமரை வைத்திருந்தாள். மோட்டார் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

கிரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்தால் தாமரை முகமெல்லாம் சிரிப்பு.

"ஜாம் ஆயிடுச்சுடி. எதுக்குச் சிரிக்கிறே?"

"நின்னுச்சுல்லங்க. உடைக்காம, நசுக்காம, கம்முனு நின்னுச்சு. இதுக்குத்தானே இவ்வளவும்."

கதவைத் திறந்து, பிளக்கைப் பிடுங்கி, லோரீன் தன் சிவப்புப் பூட்டைப் போட்ட பிறகு, கிரி கையை விட்டு அந்தக் குண்டை எடுத்தான். தலைகீழாக வரும் குண்டை ஓடையிலேயே தள்ளிவிடும்படி ஒரு சின்ன வளைவு வைத்தான். மறுபடி ஓட்டினார்கள். குண்டுகள் ஒவ்வொன்றாகத் துண்டின் மேல் விழத் தொடங்கின. லோரீன் ஒன்றை எடுத்து அளவுக்கருவியில் வைத்துப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். தன் கையால் இழுத்ததைவிட ஒழுங்காக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அக்டோபர் போட்டிக்கு அவர் இவர்கள் இரண்டு பேரையும் கட்டாயம் வரவேண்டும் என்றார். ரேஞ்ச் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே இருந்தது. காது மூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, தாமரை பின்வரிசை பெஞ்சில் கிரியின் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். லோரீனின் தொட்டில் அதற்குள் கழன்றிருந்தது, ஆனால் டாக்டர் இடது தோளுக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தார். புதுப் பக்கம் பழக்கமில்லாததால் முதலில் வரிசையாகத் தவறவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். தரையில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த லோரீன் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி படுத்துக்கொண்டார்.

சுட்டார். புகை விலகியது. தூரத்துக் கிடா நின்றுகொண்டுதான் இருந்தது. பிறகு மெதுவாக, யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல, சாய்ந்து விழுந்தது. இரும்பில் பட்ட சத்தம் அதற்கப்புறம்தான் இவர்கள் காதுக்கு வந்து சேர்ந்தது. தாமரை தன்னையறியாமல் எழுந்து நின்று கைதட்டினாள். அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது, ஆனால் அவள் தட்டியதைப் பார்த்து இன்னும் சிலரும் தட்டினார்கள்.

லோரீன் அன்று ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஜெயித்தவரைவிட அதிகமாகப் பேசினார். பெட்டியைப் பற்றி அவர் சொன்ன கதையில் தாமரை கொஞ்சம் பெரியவளாகவும் கிரி கொஞ்சம் தைரியசாலியாகவும் ஆகியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டின்போது நீள மீசைக்காரர் ஒருவர் தாமரையிடம் வந்து, தன் பண்ணையில் விறகு பிளக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது, அதை ஓட்டும்போது மனைவி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள், ஒரு தடவை வந்து பார்க்கமுடியுமா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் தன் ரம்பத்தைப் பற்றிச் சொல்வதற்காகத் தட்டோடு காத்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கிரி ஃப்ரீவேயில் வண்டியை ஓட்டினான். லோரீன் பின்சீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மீசைக்காரருக்கு அடுத்த சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன்" என்றான். "நானும் வரேன். எனக்கும் அந்த மெஷினைப் பாக்கணும்."

"பாக்க மட்டும்தான்" என்றாள் தாமரை.

"பாக்க மட்டும்தான்" என்று அவனும் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு லேன் மாறினான்.